வாக்காளரின் விருப்பமும் வேட்பாளரின் மனச்சாட்சியும்

சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் சாலை, வரி, கடன், கல்வி என்று ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லி வாக்குக் கேட்கிறார். வென்ற பிறகு அந்தக் கருத்துகளின் நிலை என்ன? அவை மக்களுக்குக் கொடுத்த வாக்கா, அன்று அவர் மனத்தில் இருந்த எண்ணம் மட்டும்தானா? தொகுதி மக்கள் ஒன்றை விரும்ப, அவருடைய மனச்சாட்சி வேறொன்றைச் சொன்னால் எதன்படி நடப்பது அறம்? கடவுளைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது வாக்காளர் கேட்கத்தக்க கேள்விதானா? அரசியல் தத்துவம் இந்தக் கேள்விகளை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. இவை எல்லாம் ஒரே மனிதரின் வாழ்வில் அடுத்தடுத்து எழுந்த நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு 1832 முதல் 1840 வரை ஐந்து முறை போட்டியிட்டு நான்கு முறை வென்ற ஆபிரகாம் லிங்கனின் வாழ்வு அது. குடியரசுத் தலைவர் லிங்கனைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை. சாங்கமன் மாவட்டத்தில் ஆற்றைச் சீரமைப்பது பற்றிப் பேசி வாக்குக் கேட்ட 23 வயது இளைஞரின் கருத்துகளோ தத்துவ நோக்கில் அதிகம் ஆராயப்படவில்லை.

அவர் அரசியலுக்கு வருவதற்கு முன்பே பிரதிநிதி பற்றிய வாதத்தின் இரு துருவங்களும் வகுக்கப்பட்டுவிட்டன. பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ, 1762இல் வெளியான ‘சமுதாய ஒப்பந்தம்’ நூலில், மக்களின் இறையாண்மையை இன்னொருவர் கையில் ஒப்படைக்க முடியாது என்றார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மக்களின் முகவர்தானே ஒழிய அவர்களுக்குப் பதிலாக முடிவெடுப்பவர் அல்ல. ஆங்கிலேயர் தேர்தல் நாளில் மட்டும் சுதந்திரர், மற்ற நாளெல்லாம் அடிமைகள் என்பது அவர் கருத்து. இதற்கு நேர்மாறான நிலையை, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட எட்மண்ட் பர்க் 1774 நவம்பர் 3 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எடுத்துரைத்தார். அன்றுதான் அந்நகரின் வாக்குப்பதிவு முடிந்து அவர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அவரோடு வென்ற ஹென்றி குரூகர், தொகுதி மக்கள் இடும் கட்டளைகளுக்குத் தான் கட்டுப்பட்டவர் என்று சொல்லியிருந்தார். பர்க் அதை மறுத்தார். மக்களின் விருப்பத்துக்குப் பிரதிநிதி மிகுந்த மதிப்புத் தர வேண்டும். தன் ஓய்வையும் சுகத்தையும் அவர்களுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் தன் சீர்தூக்கும் அறிவையும் மனச்சாட்சியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனெனில் அவை கடவுள் தந்தவை, வாக்காளர் தந்தவை அல்ல என்பது அவர் வாதம். பர்க் பேசியபடியே நடந்தார். அயர்லாந்தின் வணிகத்துக்கு ஆதரவாகவும், கத்தோலிக்கர் மீதான தடைகளைத் தளர்த்தவும் நின்றார். பிரிஸ்டல் வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1780இல் தோல்வி உறுதி என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். மனச்சாட்சிப்படி நடக்கும் உரிமையை அவர் கோரியபோது, அதற்காக இருக்கையை இழக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார் என்பதை அவரை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வாதம் அரசியல் சாசனங்களுக்குள்ளேயே நுழைந்தது. 1789இல் உரிமைச் சட்டங்களை வரைந்தபோது, பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடும் உரிமையையும் அவற்றில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கோரினர். ஜேம்ஸ் மாடிசன் எதிர்த்தார், நாடாளுமன்றம் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. ஆனால் இல்லினாயின் 1818ஆம் ஆண்டுச் சாசனம் மக்கள் கூடிப் பேசித் தங்கள் பிரதிநிதிகளுக்கு அறிவுறுத்தலாம் என்று எழுதிவைத்தது. போதாக்குறைக்கு, அந்நாளில் அங்கே ரகசிய வாக்குச்சீட்டும் இல்லை. வாக்காளர் தேர்தல் அலுவலர் முன் நின்று தன் வேட்பாளரின் பெயரை உரக்கச் சொல்வார். எழுத்தர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அண்டை வீட்டாரும் கடன் கொடுத்தவரும் கேட்டுக்கொண்டிருக்க, வேட்பாளரும் பக்கத்திலேயே நிற்கக்கூடும். மக்களின் விருப்பம் என்பது அங்கே காதில் விழும் குரலாகவே இருந்தது.

இந்தச் சூழலில்தான் நியூ சேலம் என்ற சிற்றூரில் வாழ்ந்த லிங்கன், 1832 மார்ச் 9 தேதியிட்ட தன் அறிக்கையை சாங்கமன் மக்களுக்கு எழுதினார். சில நாளில் ‘சாங்கமோ ஜர்னல்’ பத்திரிகை அதை வெளியிட்டது. அறிக்கையின் பெரும்பகுதி போக்குவரத்தைப் பற்றியது. விளைந்த தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் உழவர்கள் திண்டாடிய காலம் அது. இல்லினாய் ஆற்றிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ரயில் பாதை போடலாம் என்ற பேச்சு அடிபட்டது. ரயிலைப் போலப் பயன் தரும் வசதி வேறில்லை, வெள்ளம் வந்தாலும் வறண்டாலும் உறைந்தாலும் அது நிற்காது என்று லிங்கன் முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு செலவைச் சொல்கிறார்: 2,90,000 டாலர். இப்போதுதான் தலையெடுக்கும் மாவட்டத்துக்கு இது தாங்காது. சாங்கமன் ஆற்றைச் சீர்செய்து சிறு நீராவிப் படகுகள் வந்துபோகும்படி செய்வதே நம் சக்திக்கு ஏற்றது என்று முடிக்கிறார்.

இந்த முடிவைவிட அவர் அதற்கு வந்துசேரும் வழியே தத்துவ நோக்கில் கவனத்துக்கு உரியது. ஆற்றைப் பற்றித் தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் சொல்கிறார். முந்தைய ஆண்டு அதே ஆற்றங்கரையில் தட்டைப் படகு ஒன்றைக் கட்டி, அதில் சரக்கேற்றி நியூ ஆர்லியன்ஸ் வரை போனவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்தபின் ஊர் ஆலையில் வேலை பார்த்தபோது நீர்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்துவந்திருக்கிறார். அடித்துவரப்பட்ட மரங்கள் எங்கே அடைத்துக்கொள்கின்றன, ஆறு வளைந்து வளைந்து போகும் இடங்களில் எங்கே குறுக்கே வெட்டினால் தூரம் குறையும் என்றெல்லாம் விவரிக்கிறார். வாக்காளரிடம் முடிவை மட்டும் நீட்டி நம்பச் சொல்லாமல், அந்த முடிவு பிறந்த அனுபவத்தையும் கணக்கையும் சேர்த்து வைக்கிறார். படிப்பவர் ஆற்றைப் பற்றிய கருத்தை எடைபோடும்போதே எழுதியவரின் சீர்தூக்கும் திறனையும் எடைபோட முடிகிறது. பர்க் சொல்வதுபோலப் பிரதிநிதியின் தீர்ப்பை நம்பி வாக்களிப்பதானால், அந்தத் தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று வாக்காளருக்குக் காட்டியாக வேண்டும் அல்லவா? பர்க்கின் உரையில் இல்லாத இந்தப் படியை ஓராண்டுகூடப் பள்ளிக்குப் போகாத அந்த இளைஞர் எடுத்துவைத்திருக்கிறார். அறிக்கை வந்த அதே மாதம் ‘டாலிஸ்மன்’ என்ற நீராவிப் படகு ஆற்றில் ஏறி வந்தது. திரும்பும்போது நீர் வடிந்துவிட, நியூ சேலம் அணையில் ஒரு பகுதியை உடைத்துத்தான் அதைக் கீழே கொண்டுபோக முடிந்தது. ஓட்டிச் சென்றவர்களில் லிங்கனும் இருந்தார்.

கந்துவட்டியைப் பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. வட்டிக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் வேண்டும் என்கிறார். ஆனால் உயிர்போகும் அவசரத்தில் இருப்பவனுக்கு அதிக வட்டிக்காவது கடன் கிடைத்தால் போதும் என்ற நிலை வருமே? அப்படிப்பட்டவர்கள் சட்டத்தைச் சுற்றிப்போக எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். அந்தச் சுற்றுவழி சுலபமாக இருக்கக் கூடாது, உண்மையான நெருக்கடியில் இருப்பவன் மட்டுமே மெனக்கெடும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறார். சட்டத்துக்கும் அறத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும் என்பதையும், சட்டம் இயற்றுபவர் அதை அறிந்தே இயற்ற வேண்டும் என்பதையும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் தேர்தல் அறிக்கைகள் குறைவு. சட்டத்தை மீறுவோர் இருப்பார்கள் என்று வாக்குக் கேட்கும்போதே ஒப்புக்கொள்வது துணிவான செயல்.

கல்வியைப் பற்றிக் குறிப்பிட்ட திட்டம் எதையும் அவர் முன்வைக்கவில்லை. ஒரு மக்கள் கூட்டம் கையில் எடுக்கக்கூடிய விஷயங்களில் மிக முக்கியமானது அது என்று மட்டும் சொல்கிறார். சொந்த நாட்டின், பிற நாடுகளின் வரலாற்றைப் படித்துச் சுதந்திர அமைப்புகளின் அருமையை உணரும் அளவுக்கேனும் ஒவ்வொருவருக்கும் கல்வி வேண்டும். வேதாகமத்தையும் பிற சமய, ஒழுக்க நூல்களையும் தாமே படித்து அறியும் நிறைவும் கிடைக்கும் என்கிறார். பிறர் படித்துச் சொல்லக் கேட்பதைவிட ஒவ்வொருவரும் தாமே படிப்பதை அவர் விரும்புகிறார் என்பது தெரிகிறது. அறிக்கையின் இறுதியில், எப்போதும் தவறாக இருப்பதைவிடச் சில வேளையாவது சரியாக இருப்பது மேல் என்ற நம்பிக்கையோடு, தன் கருத்து தவறு என்று தெரிந்தால் அந்தக் கணமே கைவிடத் தயார் என்று அறிவிக்கிறார். தனக்குச் செல்வமோ செல்வாக்குள்ள உறவினரோ இல்லை, மக்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் ஏமாற்றம் தனக்குப் பழகியதுதான் என்றும் சேர்க்கிறார்.

ஆகஸ்டு 6 அன்று தேர்தல் நடந்தது. இடையில், பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிரான போருக்குப் போய்விட்டு ஜூலையில்தான் திரும்பியிருந்ததால் பிரசாரத்துக்கு நேரம் இல்லை. நான்கு இடங்களுக்கு 13 பேர் நின்றதில் எட்டாவதாக வந்தார். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் வட்டாரத்தில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்தன. அந்த முறை வென்ற நால்வரில் ஒருவர் பீட்டர் கார்ட்ரைட். குதிரையேறி ஊர் ஊராகச் சென்று போதித்த மெத்தடிஸ்ட் போதகர். அடிமை முறையின் மீதுள்ள வெறுப்பால் கென்டக்கியை விட்டு இல்லினாய்க்குக் குடிபெயர்ந்தவர். லிங்கனின் வாழ்வில் இவர் மீண்டும் வருவார்.

1834இல் லிங்கன் வென்றார். 1836இல் மூன்றாம் முறை நின்றபோது, வேட்பாளர்கள் தங்கள் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்று வாக்காளர் பெயரில் பத்திரிகையில் ஒரு கோரிக்கை வந்தது. ஜூன் 13 தேதியிட்ட கடிதத்தில் அவர் விடை தந்தார். 1832 அறிக்கை நீளமானது. இதுவோ சில வரிகள்தான். அரசின் சுமையைத் தாங்க உதவுகிற எல்லோரும் அதன் உரிமைகளிலும் பங்குபெற வேண்டும் என்கிறார். அதனால் வரி கட்டுகிற அல்லது ஆயுதம் தாங்குகிற வெள்ளையர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும், பெண்களும் விலக்கல்ல என்கிறார். இல்லினாய்ப் பெண்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1913இல்தான் என்பதை நினைத்தால் இந்த வரியின் வீச்சு புரியும். அதன் குறையும் அதே வரியில் இருக்கிறது. சுமையைத் தாங்குபவருக்கு உரிமை என்பது ஒரு பொதுக் கொள்கை. அதற்கு நிறம் கிடையாது. வரி கட்டிய கறுப்பின மக்களை விலக்க அந்தக் கொள்கையில் இடமே இல்லை. ‘வெள்ளையர்’ என்ற சொல் கொள்கையிலிருந்து பிறக்கவில்லை, அந்த மாநிலத்தின் வழக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஒருவர் சொல்லும் நியாயம் அவரையே தாண்டி வளரக்கூடியது. லிங்கன் தன் நியாயத்தின் முழு அளவை எட்டிப்பிடிக்க இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று, அப்போதும் ஓரளவுக்குத்தான்.

அதே கடிதத்தில்தான் பிரதிநிதி பற்றிய அவரது சூத்திரம் வருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டால், ஆதரித்தவர், எதிர்த்தவர் என்ற வேறுபாடில்லாமல் சாங்கமன் மக்கள் அனைவரையும் தன் தொகுதியினராகக் கொள்வார். அவர்களின் விருப்பத்தை அறிய வழியுள்ள விஷயங்களில் அதன்படியே நடப்பார். மற்றவற்றில் அவர்கள் நலனுக்கு உகந்தது எது என்று தன் அறிவு காட்டுகிறதோ அதைச் செய்வார். ரூசோவுக்குப் பாதி, பர்க்குக்குப் பாதி என்று பார்ப்பதற்கு நியாயமான பங்கீடு. விருப்பம் தெரிந்தால் முகவர், தெரியாவிட்டால் காப்பாளர். சிக்கல் என்னவென்றால், விருப்பம் தெரிகிறதா இல்லையா என்ற ஒரே கோட்டை வைத்து இந்தச் சூத்திரம் எல்லாவற்றையும் பிரிக்கிறது. விருப்பம் தெளிவாகத் தெரிந்து, அது தவறாகவும் இருந்தால்? அதற்கு இதில் இடமே இல்லை. அடுத்த ஒன்பது மாதங்களுக்குள், 1836–37 கூட்டத்தொடரில், இரண்டு விஷயங்கள் அந்த வெற்றிடத்தைத் தொட்டன.

முதலாவது, மாநிலம் முழுவதும் ரயில் பாதைகளும் கால்வாய்களும் அமைக்கும் மாபெரும் திட்டம். மக்கள் அதை வெறியோடு விரும்பினர். 1836 டிசம்பரில் தலைநகர் வாண்டேலியாவில் மாநாடே கூட்டிச் சட்டமன்றத்தை நெருக்கினர். ஒரு கோடி டாலருக்கு மேல் செலவு பிடிக்கும் சட்டம் 1837இல் நிறைவேறியது. 1840 கணக்கெடுப்பில்கூட மாநிலத்தின் மக்கள்தொகை 4,76,183தான். ஆளுநர் ஜோசப் டங்கன் எச்சரித்தும் பயனில்லை. லிங்கன் ஆதரித்து வாக்களித்தார். ஐந்தாண்டுக்கு முன் 2,90,000 டாலர் என்ற தொகையைக் கண்டு மலைத்தவர் அவர்தான். இருந்தும் மக்களின் ஆரவாரத்தில் அந்தக் கணக்கு மறைந்துபோயிற்று. அதே ஆண்டு நாட்டைப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. 1840களின் தொடக்கத்தில் மாநிலம் வட்டிகூடக் கட்ட முடியாமல் நின்றது. கடன் முழுதும் அடைய ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. சூத்திரத்தின் முதல் பாதியை அவர் இங்கே அப்படியே கடைப்பிடித்தார். அதனால் விளைந்த கேட்டுக்கு மக்களும் பொறுப்பு என்று சொல்லலாம். ஆனால் கணக்குப் பார்த்துச் சொல்லத்தானே பிரதிநிதியை அனுப்புகிறார்கள்? மக்கள் விரும்பினார்கள் என்பது அவர் தன் அறிவைப் பயன்படுத்தாமல் விட்டதற்குச் சமாதானம் ஆகாது. கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று 1832இல் அவர் சொன்னது சான்று கிடைத்தால் மாற்றிக்கொள்வேன் என்ற பொருளில்தான். இங்கே மாறியது ஊரின் மனநிலை.

இரண்டாவது, அடிமை முறை. ஒழிப்புச் சங்கங்களின் பிரசாரத்தைக் கண்டிக்கும்படி தென் மாநிலங்கள் வட மாநிலங்களுக்கு எழுதின. 1837 ஜனவரி 20 அன்று இல்லினாய்ப் பேரவை அதற்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றியது: ஒழிப்புச் சங்கங்களை ஏற்க முடியாது, அடிமைகள் மீதான சொத்துரிமை அரசியல் சாசனத்தின்படி அடிமை மாநிலங்களுக்குப் புனிதமானது, தலைநகர் வாஷிங்டன் அமைந்த கொலம்பியா மாவட்டத்தில் அங்குள்ளவர் இசைவின்றி அடிமை முறையை ஒழிக்க மத்திய அரசால் முடியாது. ஆதரவு 77, எதிர்ப்பு 6. எதிர்த்த ஆறு பேரில் ஒருவர் லிங்கன். சாங்கமன் மக்களில் பெரும்பாலோர் கென்டக்கி முதலிய தென்பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களின் விருப்பம் என்ன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சூத்திரப்படி அவர் ஆதரித்திருக்க வேண்டும்.

எதிர்த்து வாக்களித்ததோடு அவர் நிற்கவில்லை. ஆறு வாரம் கழித்து, மார்ச் 3 அன்று, அதே மாவட்ட உறுப்பினர் டான் ஸ்டோனோடு சேர்ந்து ஓர் எதிர்ப்புரையைப் பேரவைக் குறிப்பேட்டில் பதிவு செய்தார். அடிமை முறை அநீதியின் மீதும் தவறான கொள்கையின் மீதும் நிற்கிறது என்று அது தொடங்குகிறது. ஆனால் ஒழிப்புக் கோட்பாடுகளைப் பரப்புவது அதன் தீமைகளைக் குறைப்பதைவிடக் கூட்டவே செய்யும் என்றும், மாநிலங்களுக்குள் அதில் தலையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும், கொலம்பியா மாவட்டத்தில் அதிகாரம் உண்டு, ஆனால் அங்குள்ள மக்கள் கேட்டாலன்றிப் பயன்படுத்தக் கூடாது என்றும் தொடர்கிறது. இந்தக் காலத்திலிருந்து பார்ப்பவருக்கு இது கோழைத்தனமான உரையாகத் தோன்றலாம். அன்றைய பேரவையில் கையெழுத்திட முன்வந்தவர்கள் மொத்தம் இரண்டே பேர். காலத்தேர்வும் கவனிக்கத்தக்கது. தலைநகரை வாண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றும் வாக்கெடுப்பு பிப்ரவரி 28 அன்று முடிந்திருந்தது. தொகுதிக்கு மிகவும் வேண்டிய அந்த வேலை கெடாதபடி அது முடியும்வரை அவர் காத்திருந்தார் என்று கருதுவதே பொருத்தம். மனச்சாட்சி பேச வேண்டியதைப் பேசியது, ஆனால் மக்கள் பணிக்கு இடையூறு வராத நேரம் பார்த்துப் பேசியது. இதைக் கணக்குப் பார்க்கும் அரசியல் என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையும் ஓர் அறக்கடமையே. இரண்டு கடமைகள் மோதும்போது ஒன்றுக்காக மற்றதைப் பலியிடாமல் இருக்க வழி தேடுவதும் அறத்தின் பகுதிதான்.

மக்களின் விருப்பத்தை மீறலாமா என்ற கேள்விக்கு இந்த எதிர்ப்புரை ஒரு விடையை உள்ளடக்கியிருக்கிறது. ஆற்றைச் சீரமைப்பதா, ரயில் பாதை போடுவதா என்பதில் பயனை அடைபவர், செலவைத் தாங்குபவர் இருவரும் வாக்காளரே. தங்கள் பணத்தைத் தாங்கள் விரும்பியபடி செலவிட அவர்களுக்கு உரிமை உண்டு; பிரதிநிதி எச்சரிக்கலாம், வாதாடலாம், கடைசியில் இணங்கவும் செய்யலாம். அடிமை முறையில் துன்பத்தைத் தாங்குபவர் வாக்காளர் அல்லர்; அவருக்கு வாக்கும் இல்லை, குரலும் இல்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு எழுதித்தர முடியாது. மற்றொரு மனிதரை உடைமையாக்கும் உரிமை வாக்காளரிடமே இல்லாதபோது, அவர்கள் பெயரால் அதைப் புனிதம் என்று சொல்லும் கடமை பிரதிநிதிக்கு எப்படி வரும்? லிங்கன் இந்த வாதத்தை இவ்வடிவில் எங்கும் எழுதவில்லை. ஆனால் அவர் இணங்கிய இடத்தையும் இணங்காத இடத்தையும் அருகருகே வைத்தால் எல்லைக்கோடு இங்கேதான் விழுகிறது. 1838இல் அதே மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1860இல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றில் அவர் இந்த எதிர்ப்புரையை நினைவுகூர்ந்து, தன் நிலை அன்று இருந்ததே இன்றும் என்றார்.

பிற்கால அரசியல் சாசனங்கள் பல பர்க் பக்கம் சாய்ந்தன. பிரான்சின் 1958ஆம் ஆண்டுச் சாசனம் பிரதிநிதியைக் கட்டளையால் பிணைப்பது செல்லாது என்கிறது. ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், உறுப்பினர்கள் எந்த ஆணைக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர், தங்கள் மனச்சாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தியாவில் 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை வேறு திசையில் செல்கிறது. கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடும். அங்கே ஆணையிடுவது தொகுதி மக்கள் அல்ல, கட்சி. முகவரா, காப்பாளரா என்ற வாதத்தில் வராத மூன்றாவது தரப்பு அது. 1837இன் எதிர்ப்புரை போன்ற ஒன்றுக்கு அத்தகைய அமைப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இந்தியச் சட்ட அறிஞர்களிடையே இன்னும் விவாதத்தில் உள்ளது.

இனி இருப்பது சமயத்தைப் பற்றிய கேள்வி. 1832இல் லிங்கனை முந்தி வென்ற போதகர் கார்ட்ரைட், 1846இல் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றார். லிங்கன் நம்பிக்கையற்றவர், கிறிஸ்தவத்தை இகழ்பவர் என்ற பேச்சு தொகுதியில் பரவியது. ஜூலை 31 தேதியிட்ட துண்டறிக்கையில் அவர் விடை எழுதினார். தான் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் அல்ல என்பது உண்மை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். வேதாகமம் பொய் என்று சொன்னதில்லை. சமயத்தையோ எந்தப் பிரிவையோ வேண்டுமென்றே இழிவாகப் பேசியதில்லை என்றார். பிறகு, கேட்காத ஒன்றையும் தாமாகவே சொன்னார்: மனித மனம் தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஏதோ ஒரு சக்தியால் செயலுக்குத் தள்ளப்படுகிறது என்ற கோட்பாட்டின் பக்கம் இளமையில் சாய்ந்திருந்ததாகவும், ஓரிருவரிடம் தனியே அதற்காக வாதாடியதுண்டு, பொதுவில் ஒருபோதும் இல்லை என்றும், அந்தப் பழக்கத்தை ஐந்தாண்டுக்கு மேலாக விட்டுவிட்டதாகவும் எழுதினார். ஊழ்வினையைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதாடிவரும் தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. எல்லாம் ஏற்கெனவே விதிக்கப்பட்டதென்றால் வாக்காளர் தேர்ந்தெடுப்பதற்கும் வேட்பாளர் பொறுப்பேற்பதற்கும் என்ன பொருள்? துண்டறிக்கை அதற்குள் போகவில்லை; கிறிஸ்தவப் பிரிவுகள் சிலவும் அதே கருத்தை உடையவை என்று மட்டும் குறிப்பிடுகிறது. கோட்பாட்டை விட்டுவிட்டதாக அவர் சொல்லவில்லை, வாதாடுவதை விட்டதாகத்தான் சொன்னார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

துண்டறிக்கையின் கடைசிப் பகுதி சர்ச்சைக்குரியது. சமயத்தை வெளிப்படையாகப் பகைத்து ஏளனம் செய்பவர் என்று தெரிந்தால் அப்படிப்பட்டவரைப் பதவிக்குத் தன்னாலும் ஆதரிக்க முடியாது என்கிறார். காரணமாக அவர் சொல்வது அந்த மனிதரின் மறுமையை அல்ல. அது அவருக்கும் அவரைப் படைத்தவருக்கும் இடையிலான விஷயம். தான் வாழும் சமுதாயத்தின் உணர்வுகளைப் புண்படுத்தி, அதன் ஒழுக்கத்துக்குக் கேடு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே அவர் காரணம். நம்பிக்கை ஒன்று, நடத்தை ஒன்று என்று அவர் பிரிக்கிறார். முன்னதைப் பற்றி வாக்காளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பின்னதைப் பற்றிச் சொல்லலாம். இந்தப் பிரிவு நல்லதுதான், ஆனால் முழுமையானது அல்ல. சமயத்தின் பெயரால் நடக்கும் கொடுமையைக் கண்டிப்பவரும் பெரும்பான்மையின் கண்ணுக்கு ஏளனம் செய்பவராகவே தெரிவார். உணர்வு புண்பட்டது என்பதையே அளவுகோலாக்கினால், பர்க் கத்தோலிக்கருக்காகப் பேசியதும் பிரிஸ்டல் மக்களைப் புண்படுத்திய செயல்தான். 1837இல் பெரும்பான்மையின் உணர்வை மீறி நின்ற லிங்கன், 1846இல் அந்த உணர்வுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது அவருடைய சொந்த நடத்தையோடே ஒட்டவில்லை. தேர்தலில் அவருக்கு 6,340 வாக்குகளும் கார்ட்ரைட்டுக்கு 4,829 வாக்குகளும் கிடைத்தன.

வேறொரு விடை பத்தொன்பது ஆண்டு கழித்து லண்டனில் கிடைத்தது. 1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்ற தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், எந்தக் கேள்விக்கும் விடை சொல்வேன், என் சமய நம்பிக்கையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்று அறிவித்தார். தொழிலாளர் நிறைந்த ஒரு கூட்டத்தில், உழைக்கும் வகுப்பார் பொதுவாகப் பொய் சொல்பவர்கள் என்று நீங்கள் எழுதினீர்களா என்று கேட்டபோது, எழுதினேன் என்று உடனே ஒப்புக்கொண்டார், கூட்டம் கைதட்டியது. பொது வாழ்வில் தான் எழுதிய, செய்த எதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும், ஆன்மா பற்றிய எண்ணத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் நிலை. அவர் வென்றார். ஆனால் 1868இல், நாத்திகரான சார்லஸ் பிராட்லாவின் தேர்தல் நிதிக்குப் பணம் கொடுத்தது அவருடைய தோல்விக்கு ஒரு காரணமாயிற்று. அந்த பிராட்லா 1880இல் நார்தாம்டனில் வென்றும், கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பது பற்றிய சச்சரவால் 1886வரை அவையில் நிலையாக அமர விடப்படவில்லை. 1888ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு மத்திய அரசின் பதவிகளுக்குச் சமயச் சோதனை கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. மாநிலப் பதவிகளுக்கும் அத்தகைய சோதனை கூடாது என்ற நிலை 1961இல் வந்தது. கடவுள் இருக்கிறார் என்று அறிவித்தால்தான் பதவி என்ற மேரிலாந்து விதியை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செல்லாது என்றது. வேறு சில மாநிலங்களின் சாசனங்களில் அத்தகைய வாசகம் இன்னும் அச்சில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு வலு இல்லை. இந்தத் தடைகள் எல்லாம் அரசைக் கட்டுப்படுத்துபவை. வாக்குச்சாவடியில் தனியே நிற்கும் குடிமகன் வேட்பாளரின் நம்பிக்கையைக் கணக்கில் எடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. அங்கே எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை வாக்காளரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.